தூளில் நிற்கும் முகங்கள்

காகித ஓவியங்களைப் பாதுகாக்கும் பணியில் நான் அடிக்கடி காணும் சேதம், கண்ணாடி உடைந்த பேஸ்டல் உருவப்படத்தைத் துணியால் துடைத்துவிடுவதுதான். துடைத்த இடத்தில் கன்னமும் உதடும் ஒன்றாகக் கலங்கிவிடும். போன தூளை மீட்க வழியில்லை. நிறமித்தூளையும் சுண்ணத்தையும் மிகக் குறைந்த பசையில் பிசைந்து உருட்டிய கோலே பேஸ்டல் என்பதால், காகிதத்தின் சொரசொரப்பில் அது வெறுமனே தங்கியிருக்கிறது.

அந்தத் தூளைக் கொண்டே ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றவர் வெனிஸ் நகரத்து ரோசால்பா கரியேரா (1673–1757). மூக்குப்பொடி டப்பாக்களின் மூடிகளுக்கு யானைத்தந்தத்தில் நுண்ணோவியம் தீட்டித் தொடங்கிய அவரை, 1705-இல் ரோமின் சான் லூக்கா கலைக்கழகம் உறுப்பினராக ஏற்றது. எண்ணெய் வண்ணத்தைப் போல உலரக் காத்திருக்க வேண்டாம் என்பதால், வெனிஸுக்கு வந்துபோகும் பயணிகளுக்குப் பேஸ்டல் பொருத்தமாக இருந்தது. 1720-இல் வங்கியாளர் பியேர் க்ரோசாவின் விருந்தினராகப் பாரிஸ் சென்றவர், பத்து வயது அரசர் பதினைந்தாம் லூயியை வரைந்தார். இனிப் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று 1706-இல் முடிவெடுத்திருந்த பிரான்சின் அரச கலைக்கழகம், 1720 அக்டோபரில் அவரைச் சேர்த்துக்கொண்டது. போலந்து அரசரும் ஜெர்மானியப் பகுதியான சாக்சனியின் ஆட்சியாளருமான மூன்றாம் அகஸ்டஸ் அவருடைய பேஸ்டல்களை நூற்றுக்கும் மேல் சேகரித்தார். எஞ்சியவற்றின் பெருந்தொகுப்பு இன்றும் சாக்சனியின் தலைநகரான டிரெஸ்டனில் உள்ளது. கடைசி ஆண்டுகளில் அவர் பார்வையை இழந்தார்.

பேஸ்டல் மென்கைகளுக்கான எளிய வேலை என்று இன்றும் சொல்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. கரியேரா வரைந்த லேஸ் கழுத்துப்பட்டையை உற்றுப் பாருங்கள்: வெள்ளைக் கோலைப் பக்கவாட்டில் சாய்த்து ஒரே இழுப்பில் இழுக்க, காகிதத்தின் மேடுகளில் மட்டும் தூள் ஒட்டி, பள்ளங்களில் அடிநிறம் தெரிந்து, பின்னல் தானாகவே தோன்றுகிறது. அந்த அழுத்தத்தைக் கை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

துணி படும்போது முதலில் போவது அந்த மேட்டுத்தூள்தான். ஆகவே உங்கள் வீட்டில் பேஸ்டல் படம் இருந்தால், கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். உடைந்த கண்ணாடிக்குப் பதிலாகச் சாதாரண அக்ரிலிக் தகட்டைப் போடாதீர்கள். அதன் நிலைமின்சாரம் தூளைத் தன்பக்கம் இழுத்துவிடும். தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரேயால் வண்ணம் நிலைக்கும் என்று நம்ப வேண்டாம், நிறம் கருத்துப்போகும். வெயில் விழாத, கதவை அறைந்தால் அதிராத சுவரில் மாட்டுங்கள். எடுத்துச் செல்ல நேர்ந்தால், முகம் மேலே பார்க்கும்படி கிடைமட்டமாக, இரண்டு கைகளாலும் பிடித்துச் செல்லுங்கள்.