காஞ்சித் துளிப்பா: சொல் விளக்கம்

போரையும் நிலையாமையையும் மூன்று வரியில் சொல்லும் ஜப்பானிய முறைக் கவிதையைப் பலரும் 'போர் ஹைக்கூ' என்கிறார்கள். சொல் புரிகிறது, சரி. ஆனால் இதைவிடப் பொருத்தமான பெயருக்குத் தமிழிலேயே இடம் இருக்கிறது.

முதலில் 'ஹைக்கூ'. ஜப்பானில் பலர் சேர்ந்து தொடுக்கும் தொடர்பாட்டின் தொடக்கக் கண்ணிக்கு 'ஹொக்கு' என்று பெயர். அந்தத் தொடர்பாட்டில் வேடிக்கையும் விளையாட்டும் கலந்த வகை 'ஹைகாய்'. தொடக்கக் கண்ணி தனியாகவே நிற்கட்டும் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மசாவோகா ஷிகி என்ற கவிஞர் அதற்கு 'ஹைகு' என்ற பெயரை நிலைநாட்டினார். 'ஹை' விளையாட்டு, 'கு' பாவடி. மூலத்தில் கடைசி எழுத்து குறில்தான். தமிழில் அப்படி எழுதினால் குற்றியலுகரமாகத் தேய்ந்துவிடும், அதனால் நாம் 'கூ' என்று நீட்டிக்கொண்டோம். சாவைப் பாடும் கவிதைக்கு விளையாட்டின் பெயர் என்பது வேடிக்கைதான்.

மூன்று வரிக்கும் சொல்லப்படும் 5-7-5 என்ற கணக்கைப் பலர் அசைக் கணக்காக எடுத்துக்கொள்கிறார்கள். ஜப்பானியர் எண்ணுவது நம் மாத்திரைக்கே நெருக்கம்: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. அங்கே தனித்து நிற்கும் மெய்க்கும் முழுதாக ஒன்று, நமக்கு அரை. அந்த இடத்தில்தான் கணக்கு பிசகும். எண்ணாமல் விட்டாலும் குடி முழுகிவிடாது.

போர்க் கவிதைக்கு முன்மாதிரி ஜப்பானியக் கவிஞர் பாஷோவினது. 1689இல் ஹிராயிசுமிக்குப் போனார். ஐந்நூறு ஆண்டுக்கு முன் யோஷிட்சுனே என்ற தளபதி மாண்ட ஊர் அது.

கோடைப் புல் -
படைவீரர் கண்ட
கனவின் மிச்சம்

இரத்தம் இல்லை, வாள் இல்லை, புலம்பலும் இல்லை. 'கோடைப் புல்' பருவச்சொல், அதாவது ஆண்டின் பருவத்தைக் காட்டும் சொல். அதை அடுத்து மூலத்தில் 'யா' என்ற வெட்டுச்சொல் வரும், கவிதையை அந்த இடத்தில் நிறுத்தி இரண்டாகப் பிரிக்கும். நாம் ஒரு கோடு போட்டுச் சமாளிக்கிறோம். இந்தக் கவிதைக்கு அடியில் ஓடும் உணர்வை ஜப்பானியர் 'முஜோ' என்பார்கள். பௌத்தம் கொண்டுபோன சொல். வடமொழியில் அநித்தியம், குறளில் 34ஆம் அதிகாரத்தின் தலைப்பான நிலையாமை.

இனி 'காஞ்சி'. தொல்காப்பியம் காஞ்சித் திணையை 'நில்லா உலகம் புல்லிய நெறித்தே' என்கிறது. புறப்பொருள் வெண்பாமாலையிலோ, படையெடுத்து வந்தவனைக் காஞ்சிப்பூ சூடி எதிர்த்து நிற்பது காஞ்சி. ஒரே சொல்லில் போரும் நிலையாமையும்! மதுரைக்காஞ்சியும் தலையாலங்கானத்தில் வென்ற நெடுஞ்செழியனுக்கு நிலையாமையைச் சொல்வதுதான், ஆனால் 782 அடிகளில். தொல்காப்பியம் அரங்கேறியது அதங்கோட்டாசான் முன்னிலையில் என்கிறது பாயிரம். அந்த அதங்கோடு எங்கள் களியக்காவிளைப் பக்கத்து ஊர்தான் என்பது குமரிக்காரர்களின் பெருமை. அந்த உரிமையில் சொல்கிறேன்: ஹைக்கூவுக்குத் 'துளிப்பா' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதன் முன்னால் 'காஞ்சி'யைச் சேர்த்தால் போதும்.

எழுத இங்கே பொருளுக்குப் பஞ்சமில்லை. 1741இல் குளச்சலில் டச்சுக்காரரைத் திருவிதாங்கூர்ப் படை வென்றது. பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் வென்றவர்களுக்கே தளபதியாகி, 1777இல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள் கூரையிழந்த தேவாலயத்தில் கிடக்கிறார். கல்லறையில் இலத்தீனும் தமிழும் இருக்கின்றன. பருவச்சொல்லுக்கும் அலைய வேண்டாம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு நெற்போகத்தின் பெயரும் பருவத்தைத் தானே சொல்லிவிடும். குளச்சல் போர் நடந்தது ஆடியில் என்பதால் நான் எழுதிப் பார்த்தது இப்படி:

ஆடிக் காற்று -
வெற்றித் தூண் அருகே
கிழிந்த வலை

முதலில் மூன்றாம் வரியை 'வெற்றி யாருக்கு?' என்று முடித்திருந்தேன். அது கவியரங்கக் கைதட்டலுக்கு ஆகும், காஞ்சித் துளிப்பாவுக்கு ஆகாது.