"நான் செத்துப்போனன், டொக்டர்"

மகள்தான் ஐயாவைக் கையில் பிடித்துக் கிளினிக்குக்குக் கூட்டிவந்தாள். (ஆள் அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மூன்று கிழமையாகச் சாப்பாடு சரியில்லை, நித்திரையில்லை, கடலுக்கும் போகவில்லை.

"நான் செத்துப்போனன், டொக்டர். கன்னியாவில அந்தியேட்டியை முடியுங்கோ எண்டால் பிள்ளையள் கேக்குதுகளில்லை."

திருகோணமலைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. இராவணன் தாய்க்குக் கடமை செய்ததாகச் சொல்லும் அந்த ஏழு வெந்நீர்க் கிணற்றடிக்கு நம்மவர்கள் இறந்தவருக்குச் செய்யும் கிரியையான அந்தியேட்டிக்குப் போவது வழக்கம். ஐயா கேட்டது தன்னுடையதை.

படித்த புத்தி சும்மா இருக்குமா? "சரி ஐயா, செத்த ஆளென்றால் இப்ப என்னோடு கதைக்கிறது யார்?" என்றேன். 'நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்' என்று 1637இல் பிரெஞ்சுத் தத்துவஞானி டெக்கார்ட் எழுதிய அதே வாதம். ஐயா கொஞ்சநேரம் யோசித்தார்.

"அதுதான் எனக்கும் விளங்கேல்ல."

அவர் விரலையே அவர் மணிக்கட்டில் வைத்து அழுத்தினேன். "துடிக்குது. ஆனால் அது என்ர இல்லை."

டெக்கார்ட் தோற்ற இடம் அது. பசி, வலி, பேரப்பிள்ளையைக் கண்டால் நெஞ்சில் வரும் இளக்கம், இவையெல்லாம்தான் யோசிக்காமலே நம்மை 'இருக்கிறேன்' என்று உணரவைக்கின்றன என்பது என் எண்ணம். கடும் மனச்சோர்வில் இவை வற்றிப்போகும்போது, புத்தி காரணம் தேடி 'செத்துவிட்டேன்' என்று முடிவுகட்டிவிடுகிறது.

1880இல் பாரிஸ் மருத்துவர் ஜூல் கோட்டார் இதை விவரித்தார். அவர் கண்ட பெண் தனக்கு மூளையுமில்லை, குடலுமில்லை, சாவுமில்லை, சாப்பாடும் தேவையில்லை என்றார்.

அதனால், வீட்டில் யாராவது இப்படிச் சொன்னால் பேய், செய்வினை என்று நாளைக் கடத்த வேண்டாம். வாதாடியும் பயனில்லை, நான் பட்டதுதான். செத்ததாக நினைப்பவர் தன்னை என்ன செய்துவிடப்போகிறார் என்று அசட்டையாகவும் இருக்கக்கூடாது. தனியே விடாமல் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிவாருங்கள். 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். தலையில் அடிபட்டாலோ மூளை நோயாலோகூட இது வரலாம் என்பதால் அதையும் சோதிப்போம்.

ஐயாவுக்கு மருந்தோடு மின்அதிர்வுச் சிகிச்சையும் கொடுத்தோம். "கரண்ட் வைக்கப்போறியளோ?" என்று மகள் அழுதாள். மயக்கமருந்து கொடுத்துத்தான் செய்வோம், படங்களில் வருகிற மாதிரியில்லை என்று சொல்லிப் புரியவைக்க அரைமணி நேரம் ஆனது.

ஐந்தாவது தரத்துக்குப் பிறகு ஒரு காலை, நான் கட்டிலடிக்குப் போகுமுன்பே ஐயா கூப்பிட்டார்.

"டொக்டர், இந்தத் தேத்தண்ணிக்குச் சீனி காணாது."

மகள் முறைத்தாள். ஐயாவுக்குச் சீனி வருத்தம்.