லகானைத் தளர்த்தும் நொடி

திருநெல்வேலி குறுக்குத்துறைப் பக்கம் சாயங்காலம் தாமிரபரணி ஆற்றுக்குப் போனால், ஒரு அண்ணாச்சி தன் செவலைக் குதிரையைக் குளிப்பாட்டக் கூட்டிவருவதைப் பார்க்கலாம். வண்டிப் பந்தயத்துக்காக வளர்க்கிற பெண் குதிரை. சேணம் கிடையாது, வெறும் முதுகில்தான் உட்கார்ந்து வருவார். தண்ணீருக்குக் கொஞ்சம் முன்னால் மண் சரிகிற இடத்தில் அது தானாக நிற்கும். லகானை இழுத்த மாதிரியே தெரியாது. எப்படி அண்ணாச்சி நிற்கிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் மூச்ச விட்டேம்லா தம்பி, அதான் நின்னுட்டு."

சும்மா சொல்கிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். டிரஸ்ஸாஜ் என்கிற ஒலிம்பிக் குதிரையேற்றப் போட்டியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் அவர் சொன்னது எவ்வளவு சரியான அறிவியல் என்று புரிந்தது.

டிரஸ்ஸாஜில் ஓட்டப் பந்தயமும் இல்லை, தடை தாண்டலும் இல்லை. 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள மணல் களத்தில் குதிரை நடக்கும், குறுக்கே கால் மாற்றிப் போகும், நின்ற இடத்திலேயே தாளம் போடுகிற மாதிரி காலைத் தூக்கி வைக்கும். ஒவ்வொரு அசைவுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். சவாரி செய்பவர் குரல் கொடுத்தாலோ நாக்கைச் சொடுக்கினாலோ மதிப்பெண் குறையும். அப்படியென்றால் எல்லாப் பேச்சும் உடம்பு வழியாகத்தான் நடந்தாக வேண்டும். 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணி இதில்தான் தங்கம் வாங்கியது, குதிரையேற்றத்தில் நமக்கு 1982க்கு அப்புறம் கிடைத்த முதல் தங்கம். அதே போட்டியில் எட்ரோ என்ற குதிரையில் தனிநபர் வெண்கலமும் வாங்கினார் அனுஷ் அகர்வாலா.

சரி, உடம்பு வழியாக எப்படிப் பேச முடிகிறது?

அண்ணாச்சியின் குதிரை வயிற்றில் ஒரு ஈ உட்கார்ந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு அந்த இடத்துத் தோல் மட்டும் வெடுக்கென்று துடித்தது, ஈ பறந்துவிட்டது, மற்ற உடம்பில் அசைவே இல்லை. தோலுக்கு அடியில் இதற்கென்றே மெல்லிய தசைப் படலம் ஒன்று இருக்கிறது. ஒரு ஈயின் கால் படுவதை உணர்கிற உடம்பின் மேல் அறுபது எழுபது கிலோ மனிதன் உட்காருகிறான் என்றால், அவன் இடுப்பு எந்தப் பக்கம் சாய்ந்தது, தொடை எப்போது இறுகியது என்பதெல்லாம் அதற்குத் தெரியாமல் போகுமா? குதிரைக்குக் கண் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய 350 டிகிரி பார்க்கும். ஆனாலும் நேர் பின்னால் இருப்பது தெரியாது, முதுகில் இருப்பவனும் சரியாகத் தெரியமாட்டான். அவனை அது முதுகால்தான் படிக்கிறது.

இப்போது அந்த மூச்சு விஷயத்துக்கு வருகிறேன். குதிரை நடக்கும்போது அதன் முதுகு அலை மாதிரி ஏறி இறங்கும், மேலே இருப்பவரின் இடுப்பும் கூடவே ஆடும். மூச்சை மெதுவாக விட்டு அடிவயிற்றைக் கொஞ்சம் இறுக்கினால் அந்த ஆட்டம் நிற்கும். பழக்குகிற காலத்தில் முதலில் இடுப்பு நின்றது, உடனே லகானில் லேசான இழுப்பு வந்தது, குதிரை நின்றது, அந்த நொடியே லகான் தளர்ந்தது. இதே வரிசை நூறு தடவை நடந்தால், இழுப்பு வருமுன்னே இடுப்பு நிற்பதை வைத்தே குதிரை நின்றுவிடும்.

இதில் முக்கியமானது அந்தத் தளர்த்தல். இழுக்கும்போது குதிரை எதையும் கற்பதில்லை, விடும்போதுதான் கற்கிறது. தான் எதைச் செய்ததும் அழுத்தம் போனதோ, அதையே அடுத்த முறையும் செய்யும். குதிரை தலையை உதறும்போது நீங்கள் பயந்து லகானை விட்டால், தலையை உதறுவதுதான் சரியான பதில் என்று பாடம் படித்துக்கொள்ளும். சரியாக நின்ற பிறகும் விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால், எதைச் செய்தாலும் வலி போகாது என்று வாய் மரத்துவிடும். அப்புறம் ஆட்கள் கூர்மையான கடிவாளத்தைத் தேடிப் போவார்கள். முரட்டுக் குதிரை என்று பெயர் வாங்கியவற்றில் பாதிக்கு மேல் இப்படி உருவாக்கப்பட்டவைதான் என்பது என் அபிப்பிராயம், அதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

நம் சீமைக்கு இதில் பழைய கணக்கு ஒன்று உண்டு. தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறைமுகத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின, பாண்டியர்கள் வருஷத்துக்கு 2000க்கு மேல் வாங்கினார்கள், கவனிக்கத் தெரிந்த ஆள் இல்லாததால் பெரும்பாலானவை செத்துப்போயின என்று 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்கோ போலோ சொல்கிறார். குதிரை வந்தது, அதைப் படிக்கத் தெரிந்தவர் கூட வரவில்லை.

குதிரை நம்மைப் படிப்பதில் நாம் நினைப்பதைவிடக் கெட்டி. பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை கூட்டல் கணக்குக்கு விடையைக் காலால் தட்டிக் காட்டியது. 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் சோதித்துப் பார்த்தார். கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவர் தலை தன்னை அறியாமல் இம்மியளவு நிமிரும், அதைப் பார்த்துத்தான் தட்டுவதை நிறுத்தியது. கணக்கு தெரியாது என்று அதைக் குறைத்துப் பேசுவார்கள். எனக்கு அந்தக் கண்ணுதான் பெரிய அதிசயம்.

சுவீடனில் 2009இல் வெளியான ஆய்வு இன்னும் நேரடியானது. ஒரே பாதையில் குதிரையோடு நாலு தடவை போகச் சொன்னார்கள், நாலாவது தடவை குடையைப் பட்டென்று விரிப்போம் என்று ஆட்களிடம் மட்டும் சொல்லிவைத்தார்கள். குடையை விரிக்கவே இல்லை. ஆனால் எதிர்பார்த்துப் பதறிய மனிதரின் இதயத் துடிப்போடு குதிரையின் துடிப்பும் ஏறியது.

அது எனக்கே நடந்தது. அண்ணாச்சி ஒருநாள் என்னை ஏற்றிவிட்டார். ரோட்டில் மினி பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. குதிரை காதை மட்டும்தான் திருப்பியது, நான்தான் பயத்தில் முழங்காலால் இறுக்கிப் பிடித்தேன். விசுக்கென்று முன்னால் பாய்ந்தது. லகானை இழுத்தேன், கால் இன்னும் இறுகியது, அது தலையைத் தூக்கிக்கொண்டு தடுமாறியது. அண்ணாச்சி வந்து பிடித்தார். "கால அமுக்குனா போன்னு அர்த்தம், லகான இழுத்தா நில்லுன்னு அர்த்தம். ரெண்டையும் ஒண்ணாச் சொன்னா அது பாவம் என்ன செய்யும் தம்பி?"

இந்த உறவின் ஆழத்துக்கு எனக்குத் தெரிந்த பெரிய சாட்சி டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல். போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலிழந்துவிட்டன. குதிரை மேல் ஏற்றிவிட இன்னொருவர் வேண்டும். பெண்களையும் அனுமதித்த முதல் ஒலிம்பிக் டிரஸ்ஸாஜ் போட்டியில், 1952இல் ஹெல்சிங்கியில், ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வாங்கினார், 1956இல் மறுபடியும். இரண்டு முறையும் ஜூபிலி என்ற அதே குதிரை. மற்றவர்கள் காலால் சொன்னதை அவர் இடுப்பாலும் உடல் எடையாலும் சொன்னார், ஜூபிலி அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டது.

அது பாசமா, வெறும் பழக்கமா என்று கேட்பார்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் வருடிக்கொள்ளும், பெரும்பாலும் கழுத்து முதுகோடு சேரும் மேட்டில். அந்த இடத்தில் மனிதன் சொறிந்துகொடுத்தாலும் இதயத் துடிப்பு இறங்குவதை 1993இலேயே அளந்திருக்கிறார்கள். குளிப்பாட்டி முடித்ததும் அண்ணாச்சி தினமும் செய்வது அதைத்தான். அன்றைக்கு என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். நகத்தால் மெதுவாகச் சொறிந்தேன். கொஞ்ச நேரத்தில் அதன் தலை தாழ்ந்தது, கீழ் உதடு நீண்டு தொங்கியது, பின்காலில் ஒன்றை மடக்கி எடையை என் பக்கம் லேசாகச் சாய்த்துக்கொண்டு நின்றது.