குண்டைச் சுழற்றுவது துணி

வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுச் சுடும் 1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியில், உருண்டைக் குண்டைத் துணியில் பொதிந்து சுடுவதைப் பற்றியது இது. அதன் குழல் 39 அங்குலம். உள்ளே மூன்று புரிப்பள்ளங்கள், 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று முறுகி ஓடுகின்றன. குண்டு அடியிலிருந்து வாய்க்கு வருவதற்குள் ஏறத்தாழ அரைச் சுற்றுதான் சுற்றும். இது எப்படிப் போதும் என்று தோன்றும். ஆனால் வினாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வெளியேறினால், அந்த மெதுவான புரியே வினாடிக்கு 200 சுற்று தந்துவிடுகிறது. 1879-இல் ஆங்கிலக் கணித அறிஞர் கிரீன்ஹில் தந்த சூத்திரப்படி, உருண்டைக் குண்டுக்கு அதன் விட்டத்தைப்போல் 150 மடங்கு நீளத்தில் ஒரு சுற்று இருந்தால் போதும். 0.562 அங்குலக் குண்டுக்கு அது 84 அங்குலத்துக்குச் சற்று மேல். கூர்முனைத் தோட்டாவுக்காகச் செய்த துப்பாக்கி உருண்டைக்கும் ஒத்துப்போவது இதனால்தான். இன்று விற்கும் நகல்களில் சிலவற்றில் புரி 48 அங்குலம். அதில் வெடிமருந்தை மிகுதியாகப் போட்டால் குண்டு புரியோடு சுழலாமல் வழுக்கிக்கொண்டு நேரே வந்துவிடும்.

சுழற்சி ஏன் வேண்டும் என்பதை 1742-லேயே ஆங்கிலக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ் சொல்லிவிட்டார். புரியில்லாத குழலில் குண்டு பக்கச் சுவரில் உரசி, கண்ட திசையில் சுழன்றபடி வெளியேறும். காற்று அதைச் சுழற்பந்தைப்போல் ஒரு பக்கம் வளைக்கும். எந்தப் பக்கம் என்பது ஒவ்வொரு வெடிக்கும் மாறும். புரி செய்வது அந்தச் சுழற்சியின் அச்சைப் பயணத் திசைக்கு நேராக வைப்பது மட்டுமே.

ஆனால் குண்டு புரியைத் தொடுவதே இல்லை. குழலின் உள்விட்டம் 14.66 மி.மீ.; 0.562 அங்குலக் குண்டின் விட்டம் 14.27 மி.மீ. மிச்சமுள்ள இடைவெளி பக்கத்துக்கு 0.2 மி.மீ. கூட இல்லை. அதில் 0.4 மி.மீ. தடிமனுள்ள பருத்தித் துணியைத் திணிக்கிறோம். பள்ளங்களுக்கு இடையிலுள்ள மேடுகளில் நசுங்கிய துணி பள்ளங்களில் போய் நிறைகிறது. புரியைப் பிடிப்பதும், குண்டைக் கவ்விச் சுழற்றுவதும், புகையைப் பின்னால் அடைப்பதும் துணிதான். நெருக்கமாக நெய்த கெட்டித் துணி வேண்டும். தலையணை உறைக்கான தடித்த துணி ஏற்றது. பாலியெஸ்டர் கலந்தது உருகி ஒட்டும். புதுத் துணியை முதலில் அலசிக் கஞ்சியை எடுத்துவிட வேண்டும்.

மருந்து கரிமருந்துதான். குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காட்டில் செய்யும் கார்டைட் போன்ற புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூட இந்தக் குழலில் போடக்கூடாது. அதன் அழுத்தத்தை இந்த இரும்பு தாங்காது. பழைய இராணுவ அளவு 68 கிரெயின், அதாவது 4.4 கிராம். அது 530 கிரெயின் தோட்டாவுக்கு. உருண்டையோ 266 கிரெயின்தான். 50-இல் தொடங்கி ஐந்தைந்தாக ஏற்றி, குண்டுகள் எங்கே நெருங்கி விழுகின்றனவோ அங்கே நிறுத்த வேண்டும். பெரும்பாலும் 60-ஐ ஒட்டியே அமையும். நகல் செய்தவர் குறித்த உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

மருந்தைக் குடுவையிலிருந்து நேரே கொட்டாமல் அளவுக் குழாயில் எடுத்து ஊற்ற வேண்டும். உள்ளே ஒரு பொறி மிச்சமிருந்தால் குடுவையே வெடிக்கும். வாயின்மேல் துணி, அதன்மேல் குண்டு, வார்ப்புக்காம்பு (வார்த்தபோது குண்டில் மிஞ்சிய சிறு மேடு) மேலே பார்க்க. குட்டைக் கட்டையால் தட்டி இறக்கி, பிறகு குண்டைத் தள்ளும் நீளக் கம்பியை வாய்க்கு ஒரு சாண் மேலே பிடித்துச் சிறுசிறு தள்ளலாக இறக்க வேண்டும். குண்டு மருந்தின்மேல் உட்கார்ந்தே ஆக வேண்டும். நடுவில் இடைவெளி இருந்தால் குழல் அந்த இடத்தில் வளையமாகப் புடைக்கும், வெடிக்கவும் செய்யும். சரியாக உட்காரும்போது கம்பியில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டால் சந்தேகம் வராது. மருந்துக்கு நெருப்பு தரும் சிறு தொப்பியான கேப்பு (cap) வைப்பது இலக்கைப் பார்த்து நின்ற பிறகுதான்.

குறி ஏன் தப்புகிறது என்று கேட்டால் சுட்ட துணி சொல்லும். பத்துப் பதினைந்து அடி முன்னால் கிடக்கும். தவறாமல் எடுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் கருத்த வட்டம், சுற்றிலும் மூன்று புரிக்கு மூன்று தடம், ஓரம் மட்டும் பிசிறு என்றால் எல்லாம் சரி. நடுவில் எரிந்து ஓட்டை விழுந்திருந்தால் துணி மெல்லியது, அல்லது அதில் தடவிய எண்ணெய்மெழுகு போதவில்லை. தடங்களின் ஓரத்தில் கத்தியால் கீறியதுபோல் கிழிந்திருந்தால் புதுக் குழலின் மேடுகளில் கூர் மிச்சமிருக்கிறது. வாய் விளிம்பையும் தடவிப் பார்க்க வேண்டும். நூல்நூலாகச் சிதறிக் கிடந்தால் துணியே பழசு. பிப்ரவரி வறட்சியில் இன்னொரு வேலையும் உண்டு. தைலமரச் சருகில் விழுந்த துணி கனன்றுகொண்டிருக்கலாம். மிதித்து அணைக்காமல் நகரக் கூடாது.

மலையில் கை வைக்க வேண்டியது துணியில் தடவும் எண்ணெயில். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஊட்டியில் அது ஆண்டு முழுதும் பெரும்பாலும் கட்டிதான், துணியில் திட்டுத்திட்டாக நிற்கும். விளக்கெண்ணெய் குளிரிலும் இளகியே இருக்கும். அதில் கொஞ்சம் தேன்மெழுகு உருக்கிச் சேர்த்தால் வெயிலுக்கும் நிற்கும். பெட்ரோலியக் கிரீஸ் வேண்டாம், கரியோடு சேர்ந்து தாராகிவிடும். கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடக் கழிவாக மிஞ்சும். அதிலுள்ள பொட்டாசிய உப்புகள் ஈரத்தை உறிஞ்சுபவை. தென்மேற்குப் பருவ மூடுபனியில் அந்தக் கரி தானாகவே இளகி அடுத்த குண்டு எளிதில் இறங்கும், ஆனால் அடியில் சேரும் ஈரம் கேப்பின் நெருப்பை விழுங்கிவிடும். ஜனவரி உறைபனி நாட்களின் வறண்ட காற்றிலோ கரி ஓடாக இறுகும். ஒவ்வொரு வெடிக்கும் ஈரத் துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று என்று துடைத்தே ஆக வேண்டும்.

ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உருண்டை வேகத்தைச் சீக்கிரம் இழக்கும் குண்டு என்பதால், 50 கெஜத்தில் தெரியாவிட்டாலும் 100 கெஜத்தில் சமவெளியைவிடச் சற்று மேலே படும். சுடுவது உரிமம் பெற்ற துப்பாக்கியால், அனுமதியுள்ள சுடுதளத்தில் மட்டும். வேட்டை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடும் அதன் 1991 திருத்தத்தோடும் முடிந்த கதை.

அன்றைக்கே கழுவிவிட வேண்டும். தைல எண்ணெய் பிசுக்கை எடுக்கும், உப்பை எடுக்காது, உப்புக்கு வெந்நீர்தான். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அந்தச் சூடு தாராளம். காயவைத்து எண்ணெய் பூசி வைக்கலாம். மறுமுறை சுடுமுன் அந்த எண்ணெயைத் துடைத்து, குழல் காலி என்று கம்பியால் உறுதி செய்துகொண்டு, வாயைப் புல்லருகே வைத்து வெறும் கேப்பு ஒன்றை வெடித்துப் பார்க்க வேண்டும். புல் அசைந்தால் நெருப்பு போகும் வழி திறந்திருக்கிறது.