பெரணி இலைக்கு அடியில் தெரியும் பழுப்புப் புள்ளிகள்

வீட்டுத் தோட்டம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். மழைக்காலம் முடிந்ததும் வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரிப் பக்கத்திலிருந்து வரும் அழைப்புகளில் பல ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: பெரணி (ஃபெர்ன்) இலையின் அடியில் பழுப்புப் புள்ளி வந்துவிட்டது, என்ன மருந்து அடிக்கலாம்?

மருந்தே வேண்டாம். பூவும் விதையும் இல்லாத பெரணி, புதுச் செடி முளைப்பதற்கான தன் வித்துத்தூளை அந்தப் புள்ளிகளில்தான் வைத்திருக்கிறது. நரம்பை ஒட்டியோ இலை விளிம்பை ஒட்டியோ வரிசையாக அமைந்திருந்தால் அது வித்து. தண்டிலும் இலையிலும் தாறுமாறாக ஒட்டிக்கொண்டு, பிசுபிசுப்பும் இருந்தால் செதில் பூச்சி. தொழிலுக்கு வந்த புதிதில் இந்த வேறுபாடு தெரியாமல், ஒரு வீட்டில் நல்ல இலைகளையெல்லாம் வெட்டி எரித்தவன் நான்.

அந்தத் தூளின் அருமை தெரிந்தால், ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் போய்வருகிறவர்கள் பாறை இடுக்கிலிருந்து பெரணியைப் பிடுங்கிவர வேண்டியதில்லை. காப்புக்காட்டில் அனுமதியின்றிச் செடி எடுப்பது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். போதாததற்கு, மலைக்காற்றின் ஈரத்தில் வளர்ந்த செடி நம் 'வெயிலூரில்' ஒரு சித்திரையைக்கூடத் தாண்டுவதில்லை.

புள்ளி முற்றிய இலை ஒன்றைக் காகித உறைக்குள் இரண்டு மூன்று நாள் வைத்தால், பொடி தானாக உதிரும். கொதிநீர் ஊற்றி ஆறவைத்த செங்கல் துண்டைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி, அதன்மேல் பொடியைத் தூவி, கண்ணாடிப் பாத்திரத்தால் மூடி, வெயில் படாத வெளிச்சத்தில் வைக்க வேண்டும். சில வாரங்களில் பாசிபோல் பச்சை படரும். பிறகு சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய, இதய வடிவ இலைகள் தெரியும். உண்மையான பெரணி அவற்றிலிருந்து எழ இன்னும் சில மாதங்கள் ஆகும். கரு சேர்வதற்கு நீர்ப்படலம் தேவை என்பதால் அதுவரை செங்கல் காயக் கூடாது.

எந்த இனத்தை வளர்க்கலாம் என்பதற்கு ஊர்க் கிணறுகளே விடை சொல்லும். பழைய கிணற்றுச் சுவரிலும் சுண்ணாம்புக் காரையிலும் முளைக்கும் டெரிஸ் விட்டாட்டா, சுண்ணாம்புச் சத்து மிகுந்த போர்வெல் தண்ணீரையும் ஓரளவு தாங்கும். மற்றவற்றுக்கு மழைநீரைச் சேர்த்து ஊற்றுவதே நல்லது, ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் நீர் உப்பு மிகுந்தது, அதைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. மண்ணில் பாதிக்குமேல் இலைமக்கும் செங்கல் துணுக்குகளும் இருந்தால் நீர் தேங்காது.

நம் மலைகளின் அடியாண்டம் பிலிப்பென்ஸ் கோடையில் இலை முழுதும் காய்ந்து உதிரும் இனம். செத்துவிட்டதென்று பலர் தொட்டியைக் கொட்டிவிடுகிறார்கள். மண் அடியோடு வறளாமல் நிழலில் வைத்திருந்தால், மழை பிடித்ததும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து சுருள் தளிர் எழும்.