ராணி சுரண்டிய வெள்ளித் தகடு

1852 ஜனவரி 17 அன்று விக்டோரியா மகாராணி தம் குழந்தைகள் ஐவருடன் வில்லியம் கில்பர்ன் என்பவரின் கேமராவுக்கு முன் அமர்ந்தார். படத்தில் குழந்தைகள் அழகாக வந்திருந்தனர். ராணியின் கண்களோ மூடியிருந்தன. தம் உருவம் மோசமாக வந்துவிட்டதென நாட்குறிப்பில் எழுதிய அவர், படம் பதிந்த தகட்டில் தம் முகத்தை மட்டும் சுரண்டி அழித்துவிட்டார். அந்தத் தகடு இன்றும் பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அவ்வளவு எளிதில் சுரண்ட முடிந்ததன் காரணம், அது டாகரோடைப் என்ற தொடக்ககாலப் புகைப்பட முறையில் எடுத்த படம் என்பதே. 1839இல் பிரான்ஸில் லூயி டாகர் அறிவித்த இம்முறையில், வெள்ளி முலாமிட்ட செப்புத் தகட்டைக் கண்ணாடிபோல் மெருகேற்றி அயோடின் ஆவியில் காட்டும்போது, வெள்ளி அயோடைடுப் படலம் உண்டாகிறது. கேமராவுக்குள் ஒளி பட்ட இடங்களில் மட்டும் கண்ணுக்குப் புலப்படாத வெள்ளித் திரள்கள் தோன்றுகின்றன. பிறகு சூடேற்றிய பாதரசத்தின் ஆவி அவ்விடங்களில் படிந்து, வெள்ளியோடு கலந்து வெண்ணிற நுண்துகள்களாகிறது. ஒளியைச் சிதறடிக்கும் இத்துகள்களே படத்தின் வெளிச்சம். துகளற்ற பளபளப்பான வெள்ளி, எதிரேயுள்ள இருளைப் பிரதிபலிக்கையில் நிழலாகத் தெரிகிறது. தங்க உப்புக் கரைசலால் உறுதிப்படுத்திய பின்னும் துகள் படலம் மென்மையானதே. அதனால்தான் இப்படங்களைக் கண்ணாடிக்கு அடியில் அடைத்து வைத்தார்கள்.

கண் மூடிய கதைக்கு வருவோம். தொடக்கத்தில் பல நிமிடங்கள் பிடித்த ஒளிப்பதிவை, தகட்டின் ஒளியுணர்வைக் கூட்டிய புரோமின் ஆவியும் 1840இல் யோசப் பெட்ஸ்வால் வடிவமைத்த லென்சும் சில நொடிகளாகச் சுருக்கின. அத்தனை நேரத்தில் ஒரு கண இமைப்பு ஏறக்குறைய தடமின்றி மறைந்துவிடும் என்பதால், ராணியின் கண்கள் கணிசமான நேரம் மூடியே இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். இரண்டு நாள் கழித்து மீண்டும் அமர்ந்தபோது, அகன்ற விளிம்புள்ள தொப்பி அணிந்து பக்கவாட்டில் திரும்பிக்கொண்டார். இது என் பார்வையில் புத்திசாலித்தனமான ஏற்பாடு.

டாகரோடைப்புக்கு நெகட்டிவ் கிடையாது. ஒரு தகடு, ஒரே படம். 1851இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை கண்ணாடி நெகட்டிவைத் தந்தது. அதிலிருந்து முட்டை வெண்கருவைப் பூசிய தாளில் எத்தனை பிரதிகளையும் எடுக்கலாம். 1860இல் அரச குடும்பத்தினரை மேயால் என்ற புகைப்படக் கலைஞர் எடுத்த, விசிட்டிங் கார்டு அளவிலான படங்கள் ராணியின் அனுமதியோடு கடைகளில் விற்பனைக்கு வந்தன. ராணியும் இத்தகைய சிறு படங்களைத் தம் ஆல்பங்களில் ஆர்வத்துடன் சேர்த்துவந்தார்.