கையைக் கழுவினோம், ஜன்னலைத் திறக்கவில்லை

போன வாரம் ஒரு அம்மா வந்தார். வீட்டில் நான்கு பேருக்கும் அடுத்தடுத்துக் காய்ச்சல், இருமல். "தரையெல்லாம் பினாயில் போட்டுத் துடைச்சோம், கையைக் கழுவிக்கிட்டே இருந்தோம் டாக்டர், அப்புறமும் எப்படி?" என்றார். ராத்திரி எங்கே படுக்கிறீர்கள் என்று கேட்டேன். நான்கு பேரும் ஒரே ஏசி அறையில், கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திக்கொண்டு.

நோய் காற்றிலும் பரவும் என்று தெரியாததற்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன். 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனமே, கோவிட் காற்றில் பரவாது என்று ட்விட்டரில் அடித்துச் சொன்னது. ஆனால் அதற்கு முன்பே, மார்ச் 10 அன்று, அமெரிக்காவின் மவுண்ட் வெர்னன் ஊரில் ஒரு பாடகர் குழு பயிற்சிக்குக் கூடியிருந்தது. 61 பேர், இரண்டரை மணி நேரம். வந்தவர்களில் ஒருவருக்கு ஏற்கெனவே சளி போன்ற தொந்தரவு. உறுதியானதும் சந்தேகத்துக்குரியதுமாகச் சேர்த்து 53 பேருக்கு நோய் என்று கணக்கானது. இருவர் இறந்துபோனார்கள்.

கோவிட் காற்றில் பரவுவதைக் கவனிக்க வேண்டும் என்று 2020 ஜூலையில் லிடியா மொராவ்ஸ்கா, டொனால்ட் மில்டன் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிய கடிதத்துக்கு 239 அறிவியலாளர்கள் துணை நின்றார்கள். குறுகிய தூரத்தைத் தாண்டியும் காற்றில் பரவலாம் என்று உலக சுகாதார நிறுவனம் தன் விளக்கத்தில் தெளிவாகச் சொல்ல 2021 ஏப்ரல் இறுதி ஆனது.

ஏன் இவ்வளவு தாமதம்? 5 மைக்ரானை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விடப் பெரிய துளி ஓரிரு மீட்டருக்குள் விழுந்துவிடும் என்றுதான் நாங்கள் படித்தோம். உண்மையில் அது, காசநோய்க் கிருமி நுரையீரலின் ஆழம்வரை போவதற்கான துகள் அளவு. அதுவே, காற்றில் மிதக்கும் துளிக்கான எல்லை என்று தவறாகப் பாடத்தில் ஏறிவிட்டது. அதைவிடப் பல மடங்கு பெரிய துளிகளும் மிதக்கும் என்று லின்சி மார் போன்ற காற்றுத்துகள் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2020இல் நானும் நோயாளிகளிடம் கையையும் தரையையும் பற்றித்தான் பேசினேன். நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

கை கழுவுவது நல்லதுதான், விட வேண்டாம். ஆனால் வீட்டு ஸ்பிளிட் ஏசி பெரும்பாலும் அறைக்குள் இருக்கும் காற்றையே குளிரவைத்துத் திரும்பத் தருகிறது. யாருக்காவது காய்ச்சல், இருமல் என்றால் ஏசியை நிறுத்தி, எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, ஃபேனைப் போடுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் அதுவும் ஓடட்டும். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர் என்95 முகக்கவசத்தை மூக்கோரம் இடைவெளி இல்லாமல் போட வேண்டும்.

"ஜன்னலைத் திறந்தா கொசு வருமே டாக்டர்?" என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. ஜன்னலுக்கு வலை அடிக்கச் சொன்னேன். கொசு நிற்கும், காற்று வரும்.